கைமாறும் இடத்தில் இளகிய சரக்கு: காரைக்குடிப் பகுதியில் உறைந்த உணவு விநியோகம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை மாதத்தில், கோட்டையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திருமணத்துக்கு மறுநாள் நடந்த அசைவ விருந்துக்காக, காரைக்குடியிலுள்ள ஒரு விநியோகஸ்தரிடமிருந்து 40 கிலோ உரித்த இறால், பெட்டிக்கு 10 கிலோவாக நான்கு பெட்டிகளில், காலை ஆறரை மணிக்கு வந்து இறங்கியது. வீட்டின் இரண்டாம் கட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த தலைமைச் சமையல்காரர் முதல் பெட்டியைப் பிரித்து, ஒரு கிலோ பை ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். தனித்தனியாக உறையவைத்த இறால் பைக்குள் கூழாங்கல்லைப் போலச் சலசலக்க வேண்டும். அந்தப் பையில் சத்தமே இல்லை. இறால்கள் அனைத்தும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாக இறுகியிருந்தன. பையின் கீழ் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் பனிக்கட்டி படிந்திருந்தது. அந்த நிறம் இறாலிலிருந்து கசிந்த நீரின் நிறம். சமையல்காரர் கொண்டுவந்த பையனிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இது ஒருவாட்டி இளகி மறுபடியும் கட்டின சரக்கு. இதை நான் அடுப்பில ஏத்த மாட்டேன்."

நான்கு பெட்டிகளும் திரும்பின. கோழியைக் கூட்டிக்கொண்டு விருந்து நேரத்துக்கு முடிந்தது. யாருக்கும் உடல்நலக் கேடு ஏற்படவில்லை. ஆனால் பணத்தை யார் இழப்பது என்ற கேள்வி அன்று மாலையே எழுந்தது. சரக்கு தன்னிடம் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார் விநியோகஸ்தர். தூத்துக்குடிப் பக்கமுள்ள ஆலையினர், ஏற்றும்போது குளிர் அறையின் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்று பதிவேட்டின் நகலை அனுப்பினர். குளிர்வண்டிக்காரரோ, வழியெங்கும் தம் வண்டியின் திரை மைனஸ் 18 காட்டியதாகச் சொன்னார். மூவரும் பொய் சொல்லவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆலையினரும் வண்டிக்காரரும் சொன்னது காற்றின் வெப்பநிலையை. சரக்கின் வெப்பநிலையை ஒருவரும் அளக்கவில்லை.

இந்த நிகழ்வுக்குள் நான் வந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பயிற்சியும், சிறு நிறுவனங்களுக்கு உரிம ஆவணங்களைத் தயார்செய்து கொடுப்பதும் என் தொழில். இந்த விநியோகஸ்தரின் உரிம விண்ணப்பத்தையும், அவருடைய கிடங்கின் அமைப்புப் படத்தையும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தயாரித்துக் கொடுத்தவன் நானே. அந்தப் படத்தில் ஃப்ரீசர்கள் நின்ற இடம், கை கழுவும் இடம், கழிவு வைக்கும் இடம் எல்லாம் இருந்தன. வண்டியிலிருந்து இறக்கிய பெட்டிகள் ஃப்ரீசருக்குள் போகும்வரை எங்கே இருக்கும் என்பது மட்டும் இல்லை. ஆய்வின் முடிவில் பழுது அந்த இடத்தில்தான் இருந்தது என்பதால், என் பங்கையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் ஊமையாக இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், உணவைத் தயாரிப்பதோடு அதைச் சேமித்து வைப்பதையும் ஏற்றிச் செல்வதையும் விநியோகிப்பதையும் உணவுத் தொழில் என்றே வரையறுக்கிறது. ஆகவே குளிர்வண்டி வைத்திருப்பவருக்கும் கிடங்கு நடத்துபவருக்கும் உரிமமோ பதிவோ கட்டாயம். 2011ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, சேமிப்பிலும் போக்குவரத்திலும் கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார நிபந்தனைகளைக் கூறுகிறது. சட்டத்தின் பிரிவு 27 இன்னும் ஒரு படி மேலே போய், தயாரிப்பாளரின் பாதுகாப்பு அறிவுறுத்தலுக்கு மாறாக உணவைச் சேமித்தாலோ வழங்கினாலோ மொத்த வணிகரும் விநியோகஸ்தருமே அதற்குப் பொறுப்பு என்கிறது. பையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 'மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே வைக்கவும்' என்ற வரி, நம்மில் பலர் நினைப்பதைப் போல வாடிக்கையாளருக்கான ஆலோசனை மட்டுமன்று. அது விநியோகஸ்தரைச் சட்டப்படி கட்டும் வரி. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நான் நடத்திய பயிற்சி வகுப்புகளில் இதைச் சொன்னபோதெல்லாம் வியப்புடன்தான் கேட்டார்கள்.

அதே சட்டத்தின் பிரிவு 80, தன்னால் இயன்ற எல்லா முன்னெச்சரிக்கையையும் எடுத்ததாக நிரூபிப்பவருக்குத் தற்காப்பு அளிக்கிறது. நிரூபிக்கப் பதிவு வேண்டும். சரக்கை வாங்கிய நொடியில் அதன் வெப்பநிலை என்ன என்று எழுதிவைக்காத விநியோகஸ்தர், பழுது தனக்கு முன்பே நடந்தது என்று எந்த அதிகாரி முன்னாலும் காட்ட முடியாது. ஆய்வகமும் அவருக்கு உதவாது: மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட்டு அனுப்பி, பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தந்தாலும், நுண்ணுயிர்கள் எவ்வளவு இருந்தன என்பது தெரியுமே தவிர, சரக்கு எந்த ஊரில், யார் கையில் இளகியது என்பது தெரியாது.

ஆகவே, அந்த நான்கு பெட்டிகளைப் பற்றி வாதிடுவதை நிறுத்திவிட்டு, அதே வழியில் வரும் அடுத்த மூன்று லோடுகளையும் அளப்பது என்று மூன்று தரப்பினரையும் ஒப்புக்கொள்ளச் செய்தேன். தீப்பெட்டி அளவிலான வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் மூன்றை ஒவ்வொரு லோடிலும் வைத்தோம்: ஒன்று வண்டிக் கதவருகே காற்றில் தொங்கியது, ஒன்று அடுக்கின் நடுப்பெட்டியில், இரண்டு பைகளுக்கு இடையே இருந்தது, மூன்றாவது கதவோரத்து மேல்பெட்டியின் மூலைப்பையோடு ஒட்டியிருந்தது. வைப்பதற்கு முன், டீக்கடையில் வாங்கிய ஐஸை நொறுக்கி எவர்சில்வர் டம்ளரில் போட்டு, சிறிதளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கருவிகள் பூஜ்ஜியத்தைச் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். இதற்குப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை என்பதை ஆலையின் மேற்பார்வையாளரும் ஓட்டுநரும் நேரில் பார்த்ததே பிற்பாடு பெரிதும் உதவியது.

முதலில் எல்லோருடைய சந்தேகமும் வண்டியின் மேல்தான் இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. இத்தகைய சிறிய வண்டிகளில் குளிர்விக்கும் இயந்திரம் வண்டியின் என்ஜினிலேயே ஓடுகிறது. ஓட்டுநர் இராமநாதபுரத்தில் என்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் குளிர்ச்சியும் அங்கேயே நின்றுவிடும். தேவகோட்டையில் ஐஸ்கிரீம் பெட்டிகளை இறக்கக் கதவைத் திறந்தபோது, காற்றில் தொங்கிய கருவி பிளஸ் 4 டிகிரியைத் தொட்டது. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் எவரும் வண்டிக்காரரைத்தான் குற்றவாளி என்பார்கள். ஆனால் நடுப்பெட்டி அந்தப் பயணம் முழுவதிலும் மைனஸ் 17க்கு மேல் ஏறவில்லை. கதவோரத்து மூலைப்பைகூட மைனஸ் 15இல் நின்றது. காற்று விரைவில் சூடாகும், விரைவில் குளிரும்; நெருக்கி அடுக்கிய பத்துக் கிலோ பெட்டிகள் அப்படி மாறுவதில்லை. ஓட்டுநருக்குத் திருத்த வேண்டிய பழக்கங்கள் இருந்தன. இந்தச் சரக்கை இளகவைத்தவர் அவர் அல்லர்.

காரைக்குடியில், விநியோகஸ்தரின் முகப்பில்தான் அது நடந்தது. பழைய வீட்டின் முன்பகுதியைக் கிடங்காக மாற்றிய இடம் அது. உயர்ந்த திண்ணையும், வழவழப்பான தளமும், மரத்தூண்களும், வெயில் நேரடியாகப் படாத நிழலும் உண்டு. நிழல் என்பதால் சரக்குக்குப் பாதுகாப்பு என்று அங்கிருந்தவர்கள் நம்பினர். வெளியே வெப்பநிலை 37 டிகிரி. திண்ணையின் நிழலில் 35. பெட்டிகளை இறக்கி, எண்ணி, பில்லோடு சரிபார்க்கும்போது இரண்டு பெட்டிகள் குறைந்தன. ஆலைக்குத் தொலைபேசியில் பேசினார்கள். இறக்குகூலி பற்றிப் பேச்சு நீண்டது. இடையே வேறொரு வாடிக்கையாளருக்கு ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்தார்கள். முதல் பெட்டி தரையைத் தொட்டதற்கும் கடைசிப் பெட்டி ஃப்ரீசருக்குள் போனதற்கும் இடையில் ஒரு மணி 35 நிமிடம் கழிந்தது. இரண்டாம் லோடில் அதுவே ஒரு மணி 50 நிமிடமானது. மூன்றாம் லோடு வந்தபோது அளவு நடக்கிறது என்ற நினைவு எல்லோருக்கும் இருந்ததால் 40 நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாம் லோடின் பதிவு இந்த ஆய்வின் மையம். மூலைப்பையின் வெப்பநிலை திண்ணையில் முதல் முக்கால் மணி நேரத்தில் மைனஸ் 15இலிருந்து மைனஸ் 2க்கு மளமளவென்று ஏறி, பிறகு அசையாமல் நின்றுவிட்டது. மீதி நேரம் முழுவதும் மைனஸ் 2, மைனஸ் 2, மைனஸ் 2 என்றே பதிவானது. இதைப் பார்த்த விநியோகஸ்தர், "மைனஸ்லதானே சார் இருக்கு, உறைஞ்சுதானே இருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இத்தொழிலில் உள்ளவர்களில் பெரும்பாலோரின் எண்ணமும் அதுவே.

உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு கிலோ பனிக்கட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 2 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு கிலோ பனிக்கட்டி உருகித் தண்ணீராக 334 கிலோஜூல் வேண்டும். இறாலின் நீரில் உப்பும் பிற பொருட்களும் கரைந்திருப்பதால் அது சரியாகப் பூஜ்ஜியத்தில் உருகாமல், மைனஸ் 5இலிருந்து மைனஸ் 1 வரையிலான இடைவெளியில் படிப்படியாக உருகுகிறது. மைனஸ் 5இல் அதன் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பனிக்கட்டியாகவே இருக்கும். மைனஸ் 1ஐ நெருங்கும்போது பெரும்பகுதி நீராகிவிட்டிருக்கும். ஆகவே வெப்பமானியின் முள் மைனஸ் 2இல் அசையாமல் நிற்பது சரக்கு நிலையாக இருப்பதன் அடையாளம் அன்று. வந்து சேரும் வெப்பம் அனைத்தும் பனிக்கட்டியை உருக்குவதில் செலவாகிறது என்பதன் அடையாளம். நீர் உறையும் புள்ளிக்குக் கீழே நான்கு டிகிரி இடைவெளியில் உறைந்த உணவு என்ற பெயரே பொருளற்றுப் போகிறது. மைனஸ் 18 என்ற எல்லையை, உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் உணவுத் தர ஆணையத்தின் விரைந்து உறையவைத்த உணவுக்கான நடைமுறைத் தொகுப்பு வைத்திருப்பதும், கடைக் காட்சிப் பெட்டியில்கூட மைனஸ் 12ஐத் தாண்டவிடாததும், இந்த வழுக்கு நிலத்திலிருந்து சரக்கைத் தள்ளி வைப்பதற்காகத்தான்.

அடுத்த பழுது ஃப்ரீசரில். விநியோகஸ்தரிடம் இருந்தவை மேல்மூடி திறக்கும் 300 லிட்டர் பெட்டிகள். உறைந்த சரக்கை உறைந்தபடியே காப்பதற்காக அவை செய்யப்பட்டவை. இளகிய சரக்கை உறையவைப்பதற்காக அல்ல. ஆலையில் இறாலை உறையவைக்கும் இயந்திரம் மைனஸ் 35 அல்லது அதற்கும் குளிர்ந்த காற்றை வேகமாக வீசி, ஒவ்வோர் இறாலையும் சில நிமிடங்களில் உறையவைத்துவிடும். இங்கே பாதி இளகிய பன்னிரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் நெருக்கி அடுக்கியபோது, கம்ப்ரஸர் இரவு முழுவதும் ஓய்வின்றி ஓடியும், பைகளுக்கு இடையே இருந்த கருவி மைனஸ் 15ஐக் காண மறுநாள் நண்பகல் ஆகிவிட்டது. இப்படி மெதுவாக உறையும்போது பனிக்கட்டியின் படிகங்கள் பெரிதாக வளர்ந்து தசையின் உயிரணுக்களைக் கிழிக்கின்றன. உள்ளிருந்த நீர் வெளியேறி, பையின் மூலையில் தேங்கி, அங்கேயே கட்டியாகிறது. சமையல்காரர் கண்ட இளஞ்சிவப்புப் பனிக்கட்டி அப்படி உண்டானதுதான். இரண்டாம் லோடின் மூலைப்பைகளை மூன்றாம் நாள் எடுத்துக் குலுக்கியபோது அவையும் சத்தம் போடவில்லை.

உணவு பாதுகாப்பற்றதாக மாறியதா என்ற கேள்விக்கு நிதானமாகவே விடை சொல்ல வேண்டும். மைனஸ் 2இல் நோய்க்கிருமிகள் பெருகுவதில்லை. அந்த நிலையில் கெடுவது தரமும் எடையும் சுவையும்தான். ஆனால் உறைதல் கிருமிகளைக் கொல்வதும் இல்லை, அவை காத்திருக்கின்றன. வெளிப்புறப் பைகளிலிருந்து வடிந்த நீர், திண்ணையின் வெப்பத்தில் 5 டிகிரியைத் தாண்டிய நொடியிலிருந்து அவை பெருகத் தொடங்கலாம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஒருமுறை நஞ்சைச் சுரந்துவிட்டால், பிறகு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. அதே ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டுகளும் இருந்தன. அந்த இனத்து மீன்கள் குளிர்ச்சியை இழக்கும்போது கிருமிகளால் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளைச் சமைத்தும் போக்க முடியாது, மீண்டும் உறையவைத்தும் போக்க முடியாது. ஆகவே, திரும்பி வந்த நான்கு பெட்டிகளைச் சிறு உணவகங்களுக்கு விலை குறைத்துக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது நான் கடுமையாக மறுத்தேன். எவ்வளவு நேரம் எவ்வளவு சூடாக இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாத உணவை, அதன் கதை தெரியாத ஒருவருக்கு விற்பது தவறு. 40 கிலோவும் பினாயில் ஊற்றிக் குழியில் புதைக்கப்பட்டது; படம் எடுத்து, மூவரும் கையெழுத்திட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மீனையும் இறைச்சியையும் காப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. மழைக்காலத்துக்கென்று வீடுகளில் போட்டுவைத்த உப்புக்கண்டம் மாதக்கணக்கில் கெடாது. அதிலிருந்த நீரை உப்பும் வெயிலும் வெளியேற்றிவிட்டன, மின்சாரம் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. தொண்டியிலிருந்து திருவாடானை, தேவகோட்டை வழியாக ஐஸில் வரும் மீனின் செவுளைப் புரட்டிப் பார்த்தே தரம் சொல்லும் கண் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. உறைந்த உணவில் நீர் உள்ளேயேதான் இருக்கிறது, சற்றுக் காலம் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அதோடு, அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் அதைக் கண்ணால் சோதிக்கவும் வழியில்லை. பழைய அனுபவம் இங்கே கைகொடுக்காததால் வெப்பநிலை அளவியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் செய்தவை எளியவை. ஆலையின் பில்லிலேயே மூன்று கட்டங்களை அச்சிட்டோம்: ஒப்படைத்த நேரம், பைகளுக்கு இடையே அளந்த வெப்பநிலை, இருவரின் கையெழுத்து. ஒவ்வொரு லோடிலும் கதவோரத்திலிருந்து ஒரு பெட்டி, நடுவிலிருந்து ஒரு பெட்டி என இரண்டைத் திறந்து, முன்பே குளிர்வித்த, முள் போன்ற நுனியுடைய அளவியை இரண்டு பைகளுக்கு நடுவே செருகி, எண் அசையாமல் நின்ற பிறகு எழுத வேண்டும்; பையைக் குத்த வேண்டியதில்லை. மைனஸ் 15க்கு மேலே இருந்தால் அனுப்பியவருக்கு உடனே தகவல், மைனஸ் 12க்கு மேலே இருந்தால் சரக்கை வாங்குவதில்லை என்று மூவரும் எழுதி ஒப்புக்கொண்டார்கள். அந்த அளவியின் விலை ஒரு பெட்டி இறாலின் விலையைவிடக் குறைவு. எண்ணிக்கை சரிபார்ப்பது ஃப்ரீசரில் வைத்த பிறகுதான். பெட்டி குறைந்தால் மறுநாள் பேசிக்கொள்ளலாம். வண்டி வருவதற்கு முன் ஃப்ரீசரில் இடத்தை ஒழித்துவைப்பதும், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் லோடு வாங்காமலிருப்பதும் இதனுடன் சேர்ந்தன.

பண விவகாரத்தில், பதிவு எதுவும் இல்லாத அந்த முதல் நான்கு பெட்டிகளின் இழப்பை மூவரும் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். அது நீதி என்று நான் சொல்ல மாட்டேன். வண்டிக்காரர் தம் தவறு அல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுத்தார். ஒப்படைத்த நேரத்தில் ஓர் எண்ணை எழுதி வாங்கியிருந்தால் அவர் ஒரு ரூபாயும் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஒழுங்குமுறையைப் பொறுத்தவரை என் கருத்து இது. பிரிவு 27 தயாரிப்பாளரையும், மொத்த வணிகரையும் விநியோகஸ்தரையும், விற்பவரையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பொறுப்பாக்குகிறது. ஏற்றிச் செல்பவரை அப்படித் தனித்துச் சொல்லவில்லை, உணவுத் தொழில் நடத்துபவர் என்ற பொது வரையறைக்குள்தான் அவர் வருகிறார். ஆய்வுக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் உரிமத்தைப் பார்க்கிறார், ஃப்ரீசரின் திரையைப் பார்க்கிறார், காலாவதித் தேதியைப் பார்க்கிறார். இவை மூன்றும் சரியாக இருக்கும் இடத்தில்தான் மேற்சொன்னது நடந்தது. உறைந்த உணவை விநியோகிப்பவர்களிடம் கைமாறும்போது எழுதிய வெப்பநிலைப் பதிவேட்டையும் கேட்டுப் பார்ப்பது என்று மாவட்ட அளவில் நடைமுறை வகுத்தாலே போதும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, நான்காம் அட்டவணையின் நிபந்தனைகளுக்குள்ளேயே அது அடங்கும். பதிவேடு இல்லாத இடத்தில் முதல் முறை பிரிவு 32இன்படி மேம்பாட்டு அறிவிப்பு கொடுத்து, குறைந்தது 14 நாள் அவகாசத்தில் திருத்தச் சொல்லலாம். சிறு வணிகரை அபராதத்தால் நசுக்காமல் திருத்துவதற்கென்றே சட்டத்தில் அந்த வழி வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னும் முழுமையாகத் தீராதது கடைசிக் கட்டம், இரு சக்கர வண்டியில் தெர்மாகோல் பெட்டியில் போகும் சரக்கு. உறைந்த ஜெல் பைகளைப் பெட்டியின் மேலும் கீழும் வைத்து அனுப்புகிறோம். காரைக்குடியிலிருந்து கோட்டையூருக்கு அது போதுமானதாக இருக்கிறது, கானாடுகாத்தானுக்குச் செல்லும் வழியில் நான்கு கடைகளில் மூடியைத் திறந்தால் போதுவதில்லை. ஆவணி மாதத்தில் அதே சமையல்காரருக்கு ஒரு பெட்டி மைனஸ் 11இல் போய்ச் சேர்ந்தது. இப்போது அவரிடமும் ஓர் அளவி இருக்கிறது. எண்ணையும் நேரத்தையும் பில்லில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். இம்முறை யாரும் யாரோடும் வாதிடவில்லை. ஐஸ்கிரீம் எடுப்பதற்காக வழியில் இரண்டு கடைகளில் மூடி திறந்தே வைக்கப்பட்டிருந்தது என்று அன்று மாலைக்குள் தெரிந்தது. மறுநாளிலிருந்து ஐஸ்கிரீமுக்குத் தனிப் பெட்டி கட்டப்பட்டது.